அறிந்தபின் உண்ணல்

2002-ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் ஞாயிறு மலரில் ஒரு காளைக் கன்றின் வாழ்க்கை வரலாறு வெளியாயிற்று. அக்கன்றுக்குப் பெயர் இல்லை; 534 என்ற எண் மட்டுமே இருந்தது. கட்டுரையை எழுதிய மைக்கேல் போலன் அதைத் தம் சொந்தப் பணத்தில் விலைக்கு வாங்கியிருந்தார். வளர்த்துப் பேணுவதற்காக அன்று. தட்டில் வந்து விழும் இறைச்சி எங்கிருந்து, எவ்வழியாக, எந்தக் கைகளைக் கடந்து வருகிறது என்பதைத் தொடர்ந்து சென்று காண்பதற்காக.

தெற்கு டகோட்டாவின் புல்வெளியில் தாயுடன் மேய்ந்த அந்தக் கன்று, சில மாதங்களில் கான்சஸ் மாநிலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே பல்லாயிரம் மாடுகள் நெருக்கமாக அடைக்கப்பட்டு, எடை கூட்டப்படும் பட்டி ஒன்றில் அது நிறுத்தப்பட்டது. புல்லைச் செரிப்பதற்கென்று இயற்கை அமைத்த வயிற்றுக்கு மக்காச்சோளம் ஊட்டப்பட்டது. அத்தீனியால் வரும் நோயைத் தடுக்க ஆன்டிபயாடிக் மருந்து, விரைவில் பருக்க ஹார்மோன் என்று அதன் நாட்கள் கழிந்தன. போலன் பட்டிவரை சென்றார். சாணச் சேற்றில் நின்ற தம் கன்றை நேருக்கு நேர் பார்த்தார். ஆனால் இறைச்சிக்கூடத்தில், கொலை நிகழும் தளத்துக்குள் நுழைய அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. உடைமையாளனுக்கே காட்டப்படாத இடம் அது.

உண்பவன், தான் உண்பதன் பொருட்டு நிகழ்ந்த செயலுக்கு எந்த அளவில் பொறுப்பாளி? அறியாமல் உண்டவனும் அறிந்து உண்டவனும் ஒரே நிலையில் இருப்பவர்களா? அறநூல்கள் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினாக்கள், இந்த மனிதரின் எழுத்திலும் திரைத் தோற்றங்களிலும் புதிய வடிவில் மீண்டும் எழுகின்றன.

மறைக்கும் சுவர்

1955-இல் பிறந்த போலன், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் பயிற்றுவித்தவர். 2006-இல் வெளிவந்த 'தி ஆம்னிவோர்ஸ் டிலெம்மா' என்ற நூல் அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. அதன் பின்னர் உணவையும் சுற்றுச்சூழலையும் பற்றிய ஆவணப்படங்களில் அவர் முகம் அடிக்கடி தென்படலாயிற்று. அவர் குரலை உயர்த்துவதில்லை. குற்றம் சாட்டும் தொனியும் இல்லை. பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவர் கரும்பலகையின் முன் நிற்பதுபோலப் பேசுகிறார்.

2007-இல் வெளியான 'கிங் கார்ன்' என்ற படத்தில் இரண்டு இளைஞர்கள் அயோவா மாநிலத்தில் ஓர் ஏக்கர் நிலத்தில் மக்காச்சோளம் பயிரிட்டு, அறுவடைக்குப் பின் அது எங்கே போகிறது என்று தேடுகிறார்கள். அவர்களுடைய தலைமுடியைச் சோதித்தபோது, உடலில் உள்ள கரியின் பெரும்பகுதி சோளத்திலிருந்தே வந்தது என்று தெரிகிறது. மாட்டுத் தீவனமாகவும், குளிர்பானத்தில் கலக்கும் இனிப்புப் பாகாகவும் உருமாறி, அடையாளம் தெரியாமல் அது உடலுக்குள் புகுந்திருக்கிறது. அன்னமே உடலாகிறது என்பது உபநிடதம் பயின்றவர்களுக்குப் புதிய செய்தி அன்று. எந்த அன்னம் தன் உடலாயிற்று என்பதைக்கூட ஒருவன் ஆய்வுக்கூடத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் புதியது.

ராபர்ட் கென்னர் இயக்கிய 'ஃபுட் இங்க்.' 2008-இல் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அது ஒரு பேரங்காடியின் நடைபாதையில் தொடங்குகிறது. பால் உறையிலும் இறைச்சிப் பொட்டலத்திலும் பசும்புல், மரவேலி, சிவப்புக் களஞ்சியம் என்று அழகிய பண்ணையின் ஓவியம் அச்சிடப்பட்டிருக்கிறது. உள்ளிருக்கும் பொருளோ அத்தகைய பண்ணையை ஒருபோதும் கண்டதில்லை. உணவுக்கும் அதன் பிறப்பிடத்துக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு திரை தொங்கவிடப்பட்டிருப்பதைப் போலன் பின்னணியில் எடுத்துரைக்கிறார்.

திரை என்றது அணிக்காகச் சொன்னது அன்று. அதே படத்தில் ஒப்பந்த முறையில் கோழி வளர்க்கும் பெண்மணி ஒருவர் தம் கொட்டகைக்குள் கேமராவை அனுமதிக்கிறார். வெளிச்சமும் காற்றும் புகாதபடி கொட்டகையை முற்றிலும் மூடி அமைக்க அவர் மறுத்ததால் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது என்று படம் கூறுகிறது. 2014-இல் ஐடஹோ மாநிலம், பண்ணைகளுக்குள் அனுமதியின்றிப் படம் பிடிப்பதையே குற்றமாக்கியது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையைச் செல்லாதென்று தீர்த்தது. நல்லது நடக்கும் இடத்தைக் காணக்கூடாதென்று சட்டம் இயற்ற யாரும் முனைவதில்லை.

இதற்குப் போலன் காணும் மாற்று எளியது: இறைச்சிக்கூடத்தின் சுவர் கண்ணாடியாக இருக்கட்டும். எவரும் பார்க்கலாம் என்ற நிலை வந்தால், பலர் இறைச்சியையே விட்டுவிடுவர். எஞ்சியோர் இப்படிப்பட்ட கொடுமையைப் பொறுக்கமாட்டார்கள் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. வர்ஜீனியாவில் ஜோயல் சாலட்டின் என்பவரின் பண்ணையில் கோழிகள் திறந்த வெளியில் அறுக்கப்படுகின்றன. வாங்க வருபவர் நின்று பார்க்கலாம். போலன் அங்கே ஒரு வாரம் வேலை செய்து, தம் கையாலேயே கோழிகளைக் கொன்றார்.

அங்கு அவருக்கு நேர்ந்ததை அவரே மறைக்காமல் எழுதியுள்ளார். முதலில் மனம் கலங்கியது. சிறிது நேரத்தில் பழகிவிட்டது. பழகிவிட்டதே என்பதுதான் பிறகு அவரை உறுத்தியது. அவருடைய கண்ணாடிச் சுவர் வாதத்தை இந்த ஒப்புதலே அசைத்துவிடுகிறது. பார்த்தல் இரக்கத்தைப் பிறப்பிக்கும் என்பது உண்மையானால், மிக அருகில் நின்று பார்ப்பவன்தானே மிகவும் உருக வேண்டும்?

யாருடைய செயல்?

மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் கொலையில் பங்குடையோராக எண்மரைக் குறிப்பிடுகிறது: இசைந்தவன், அறுத்துப் பிரித்தவன், கொன்றவன், வாங்கியவன், விற்றவன், சமைத்தவன், பரிமாறியவன், உண்டவன். மனுவின் பிற கருத்துக்களை ஏற்காதவரும் இந்தப் பட்டியலின் கூர்மையை மறுக்க இயலாது. செயல் ஒன்று, கைகள் பல. கைகள் பெருகப் பெருக ஒவ்வொருவனும் தன் பங்கு சிறிதென்று எண்ணுகிறான். எண்மரும் அவ்வாறே எண்ணும்போது குற்றத்துக்கு உரியவனே இல்லாமற்போகிறான். இன்றைய தொழிற்சாலை முறையில் எண்மர் எண்ணாயிரம் பேராகிவிட்டனர்.

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் வெளியான மற்றொரு கட்டுரையில் போலன் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். விலங்குகளின் விடுதலைக்காக வாதிடும் மெய்யியலாளர் பீட்டர் சிங்கரின் நூலை அவர் முதன்முதலாகப் பிரித்தது, உணவகம் ஒன்றில் மாட்டிறைச்சியைத் தட்டில் வைத்துக்கொண்டு. நூலின் வாதத்துக்கு அவரால் மறுமொழி கூற முடியவில்லை. சிறிது காலம் புலால் உண்பதை நிறுத்தினார். பின்னர், இயல்புக்கேற்ப வாழவிடப்பட்ட விலங்கின் இறைச்சி என்றால் ஏற்கலாம் என்ற முடிவுக்கு வந்து மீண்டும் உண்ணலானார். அவருடைய நேர்மை பாராட்டத்தக்கது. முடிவு அவ்வளவு உறுதியானதாகத் தோன்றவில்லை. நன்றாக வாழ்ந்த உயிர் என்பது அதைக் கொல்வதற்கு எப்படிக் காரணமாகும் என்பதற்கு அவர் தரும் விடைகள், முன்பே விரும்பியதற்குப் பின்பு தேடிய நியாயங்களாகவே படுகின்றன.

எனினும் புலால் உண்ணாதவர் இவ்விடத்தில் நிறைவுகொண்டு புத்தகத்தை மூடிவிட இயலாது. 2010-இல் வெளியான 'குயீன் ஆஃப் தி சன்' என்ற தேனீக்களைப் பற்றிய படத்திலும் போலன் தோன்றுகிறார். உலகில் விளையும் பாதாம் பருப்பில் மிகப்பெரும் பகுதி கலிபோர்னியாவில் விளைகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர் நிற்கும் அத்தோப்புகளில், பூக்காலம் கழிந்தபின் தேனீக்கு உணவில்லை. ஆகவே தேனீ அங்கே வாழ்வதில்லை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் நாடெங்கிலுமிருந்து லாரிகளில் தேன்கூட்டுப் பெட்டிகள் ஏற்றிவரப்படுகின்றன. பலவிடத்துத் தேனீக்கள் ஒன்றுகூடும்போது நோயும் கூடுகிறது. பாதாம் சாத்துவிக உணவு. அதைத் தருவித்த முறை அப்படிப்பட்டதுதானா என்று கேட்கலாம். பால் அருந்துபவரும் பசு ஈன்ற ஆண் கன்று எங்கே போயிற்று என்று விசாரிப்பது அரிது.

உணவின் தூய்மையால் மனம் தூய்மையுறும் என்று கூறும் சாந்தோக்கிய உபநிடதப் பகுதிக்கு உரையாசிரியர் இருவர் இருவேறு பொருள் கண்டனர். இராமானுஜர் உணவு என்பதை உண்ணப்படும் பொருளாகவே கொண்டு, அதற்கு மூவகைக் குற்றங்களைக் கூறினார்: பொருளின் இயல்பால் வருவது, அது எவரிடமிருந்து வருகிறதோ அவரால் வருவது, அழுக்கு முதலியன சேர்வதால் வருவது. நடுவிலுள்ளதாகிய ஆச்ரய தோஷத்தை, தீயவன் கைச்சோறு என்ற குறுகிய அளவில் மட்டுமே பலர் விளங்கிக்கொண்டனர். உணவை விளைவித்து அனுப்பும் ஏற்பாடு முழுவதையும் அதன் இருப்பிடமாகக் கொண்டால், பழைய சொல் இன்றைய பேரங்காடியையும் அளக்கவல்லது. சங்கரரோ, புலன்கள் வழியே உள்ளே கொணரப்படும் அனைத்துமே உணவு என்றார். அவ்வாறாயின் ஆவணப்படமும் ஓர் உணவே. அதையும் செரிக்க வேண்டும். செரிக்காத காட்சி, சில நாள் மனவருத்தமாகத் தங்கியிருந்துவிட்டு மறைகிறது. அடுத்த காட்சிக்குக் கண் மேலும் மரத்துப்போகிறது. கோழி அறுத்த கைக்கு நேர்ந்ததே கண்ணுக்கும் நேர்கிறது.

2016-இல் வெளியான 'குக்ட்' தொடர் வேறொரு திசையில் செல்கிறது. தீ, நீர், காற்று, மண் என்று நான்கு பகுதிகள். ஆகாயத்தைக் கிரேக்கர் வழியில் விட்டுவிட்டார்கள்! நீரைப் பற்றிய பகுதி மும்பையின் வீட்டு அடுக்களைகளுக்குள் நுழைகிறது. பாட்டி அறிந்த சமையலுக்கும் அவசர வாழ்வுக்கு விற்கப்படும் ஆயத்த உணவுக்கும் இடையிலான இழுபறியைக் காட்டுகிறது. தானே சமைப்பவன் பொருளைத் தொட்டு, முகர்ந்து, காத்திருக்கிறான். மறைக்கும் சுவரில் அவனளவில் ஒரு சாளரம் திறக்கிறது என்பது போலனின் கருத்து. அதிர்ச்சியூட்டும் காட்சி சாதிக்காததை அன்றாட வேலை ஓரளவு சாதிக்கலாம்.

தேர்ந்தெடுக்க இயலாதவர்

'ஃபுட் இங்க்.' படத்தின் இறுதியில், நாள்தோறும் மூன்று வேளையும் உண்பவன் தன் தேர்வால் இந்த அமைப்பை மாற்றலாம் என்ற அழைப்பு திரையில் எழுத்தாக வருகிறது. அதைப் படித்தவர்களில் வசதியுள்ள பலர் தங்கள் கடையை மாற்றிக்கொண்டனர். வேறு சிலருக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. மலிவான உணவு வளத்தின் அடையாளம் என்று வாதிட்டவர், 1970-களில் அமெரிக்க வேளாண் அமைச்சராக இருந்து சோள உற்பத்தியைப் பெருக்கிய ஏர்ல் பட்ஸ். முந்திய தலைமுறையைவிட வருமானத்தில் சிறு பங்கே இன்று உணவுக்குச் செலவாகிறது என்று 'கிங் கார்ன்' இளைஞர்களிடம் முதுமையில் அவர் கூறும்போது, அதில் உண்மை இல்லாமல் இல்லை. பசித்தவனுக்கு மலிவு ஓர் அறமே.

2020 ஏப்ரலில், தொற்றுநோய்க் காலத்தில், இறைச்சி ஆலைகளில் தொழிலாளர்கள் நோயுற்றுக்கொண்டிருந்தபோது, அவ்வாலைகளைத் தொடர்ந்து இயக்குவதற்கான ஆணை அமெரிக்க அதிபரிடமிருந்து வந்தது. சில நிறுவனங்களின் கையில் ஒரு நாட்டின் உணவு முழுவதும் சிக்கியிருந்ததன் விளைவு அது. போலன் தயாரிப்பாளர்களில் ஒருவராக இருந்து 2024-இல் திரைக்கு வந்த 'ஃபுட் இங்க். 2' அந்த ஆதிக்கத்தையே முதன்மையாகப் பேசுகிறது. முதற்படத்தின் நம்பிக்கை, வாங்குபவனின் தோளில் மட்டும் ஏற்றத்தகாத சுமையை ஏற்றியிருந்தது என்பதை இரண்டாவது படம் ஏறக்குறைய ஒப்புக்கொள்கிறது. எனினும் சுமையைச் சட்டத்தின் தோளுக்கு முழுவதும் மாற்றிவிட்டால், உண்டவன் என்ற எட்டாமவன் பட்டியலிலிருந்து நழுவிவிடுவான்.

முதற்படத்தில் வரும் குடும்பம் ஒன்று. தாயும் தந்தையும் நாள் முழுதும் உழைப்பவர்கள். சமைக்க நேரமில்லாமல், வண்டியில் அமர்ந்தபடியே மலிவான பர்கர்களை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். தந்தைக்கு நீரிழிவு. அவருடைய மருந்துக்கும் காய்கறிக்கும் ஒருசேரப் பணம் போதவில்லை. எது நல்ல உணவு என்பது தாய்க்குத் தெரிந்தே இருக்கிறது. பேரங்காடியில் ப்ராக்கோலியின் விலையைப் பார்க்கிறார்கள். அதே பணத்துக்கு எத்தனை பர்கர் என்று கணக்கிட்டு, அதை அங்கேயே விட்டுவிட்டு நகர்கிறார்கள்.