அடையாளம் குழந்தைக்கா, வீட்டுக்கா?

அக்டோபர் பிறந்தால் அமெரிக்காவில் நீல வாளிச் சர்ச்சையும் கூடவே கிளம்பிவிடுகிறது. அக்டோபர் 31, ஹாலோவீன் இரவு. பேய், கடற்கொள்ளையன், இளவரசி என்று வேடம் கட்டிய பிள்ளைகள் வீடு வீடாகப் போய் 'டிரிக் ஆர் ட்ரீட்' என்று குரல் கொடுத்து மிட்டாய் வாங்கிவருவது அங்கே வழக்கம். 2018இல் ஒரு தாய் சமூக ஊடகத்தில் ஒரு வேண்டுகோள் வைத்தார். 21 வயதானாலும் மனத்தால் சிறுபிள்ளையான தன் ஆட்டிச மகன் அதற்கு அடையாளமாக நீல வாளியோடு மிட்டாய் கேட்டு வருவான், அவனைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள் என்றார். மறு ஆண்டு இன்னொரு தாய், பேச்சு வராத தன் 3 வயது மகனுக்காக அதையே கேட்டுக்கொண்டார். இரண்டு பதிவுகளும் பெருமளவில் பகிரப்பட்டன. எதிர்ப்பும் எழுந்தது. எதிர்த்தவர்களில் ஆட்டிசத்தோடு வளர்ந்து ஆளானவர்களும் இருந்தார்கள். ஒரு பிடி மிட்டாய்க்காகக் குழந்தை தன் மருத்துவச் சீட்டைத் தெரு முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி.

வேண்டியதில்லை. அடையாளம் வைக்க வேண்டியது வீடுதான். கேட்க வருகிற குழந்தை எதையும் நிரூபிக்கக் கடமைப்பட்டதல்ல. கொடுக்க முன்வந்தவருக்கே கடமை.

இதற்கு ஆதாரம் அந்தப் பண்டிகையின் நடைமுறையிலேயே இருக்கிறது. கலந்துகொள்ள விருப்பமில்லாதவர் வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருந்துகொள்ளலாம். யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். விளக்கை எரியவிட்டால் அது தெருவுக்கே விடுத்த அழைப்பு. அழைத்தபின் வருகிறவர் விருந்தினர். வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்து, அதற்கு அடுத்த அதிகாரமாக இனியவை கூறலை அமைத்தார். விருந்தினர் மனம் அனிச்சத்தையும் விட மென்மையானது என்பது அவர் கணக்கு. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் மதுரையில் பிச்சையெடுத்து வந்த சோற்றைப் பார்வையற்றோரையும் காது கேளாதோரையும் நடக்க இயலாதோரையும் கூவி அழைத்து ஊட்டியபின், மிஞ்சியதையே தான் உண்டான். யாரிடமும் அவன் சான்று கேட்டதாகக் காப்பியத்தில் இல்லை. விவிலியத்தின் லேவியராகமம், 19ஆம் அதிகாரம், பார்வையற்றவர் வழியில் தடை வைப்பதையே குற்றமாக்குகிறது.

விளக்கெரியும் அந்த வாசலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நாலைந்து படிகள், மேலே திண்ணை, கதவருகே மிட்டாய்க் கிண்ணம். சக்கர நாற்காலியில் வந்த சிறுவன் நடைபாதையிலேயே நின்றுவிடுகிறான். அக்காள் மட்டும் ஏறிப்போய்த் தனக்கொன்று வாங்கிக்கொண்டு, "தம்பிக்கும் ஒண்ணு" என்று கேட்கிறாள். சில வீட்டுக்காரர்கள் கிண்ணத்தோடு இறங்கி வருவார்கள். சிலர் இரண்டாவது மிட்டாயை அக்காளின் பையிலேயே போட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். இனிப்பு என்னவோ வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் அவன் கட்டிக்கொண்டு வந்த வேடத்தை அந்த வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. வேடம் கட்டுவதே பிறர் பார்த்து, வியந்து, பயந்ததுபோல நடிக்கத்தானே?

தன் வாசலைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு, மறுப்பதற்கில்லை. 1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கடையையும் திரையரங்கையும் ஓட்டலையும் கட்டுப்படுத்துகிறது. குடும்பம் நடத்தும் தனி வீட்டைத் தொடுவதில்லை. சட்டம் நின்றுவிட்ட இடத்தில்தான் அறத்துக்கு வேலை. அந்தச் சட்டம் வருவதற்காக, அதே ஆண்டு மார்ச் 12 அன்று வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில், நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டுப் போராட்டக்காரர்கள் தவழ்ந்து ஏறினார்கள். அவர்களில் 8 வயதுச் சிறுமியும் ஒருத்தி. அட்லாண்டாவில் மாற்றுத்திறனாளி உரிமைப் போராளி எலினர் ஸ்மித் 1987இலேயே இதற்கு அடுத்த கேள்வியை எழுப்பிவிட்டார்: குடியிருப்பவர் யாராக இருந்தாலும், வந்துபோகிறவர் நுழைய எல்லா வீட்டிலும் படியில்லாத வாசல் ஒன்றாவது ஏன் இருக்கக் கூடாது? அரிசோனாவின் பிமா மாவட்டம் 2002இல் புதுத் தனி வீடுகளுக்கு அதை விதியாகவே ஆக்கியது.

நீல வாளியை நாடிய தாய்மார்களைக் குறை சொல்லவில்லை. வாசலுக்கு வாசல் நின்று மகனுக்கு ஏன் பேச்சு வரவில்லை என்று விளக்கிச் சலித்தவர்களுக்கு அது ஒரு தற்காப்பு. அவ்வளவுதான். அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது, 'டிரிக் ஆர் ட்ரீட்' என்று சொன்னால்தான் தருவேன் என்று மிட்டாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறவரின் பிடிவாதம். லெஸ்போஸ் தீவுக் கொத்தர்களின் ஈய அளவுகோல் கல்லின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் என்று அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய அறநூலின் ஐந்தாம் பகுதியில் காட்டுகிறார். பொது விதி பொருந்தாத இடத்தில் நியாயம் அப்படி வளைய வேண்டும் என்பது அவர் கருத்து. வர்ஜீனியாவின் செசபீக் நகரம் வளைய மறுத்ததற்குச் சாட்சி. 12 வயதைத் தாண்டியவர் மிட்டாய் கேட்டுப் போனால் சிறைகூட விதிக்கலாம் என்றொரு சட்டம் அங்கே 2019 வரை ஏட்டில் இருந்தது. பிறகு வயதை உயர்த்தி, சிறையை நீக்கினார்கள். உடல் வளர்ந்தும் மனம் வளராத பிள்ளையை அந்த ஏடு எந்தக் கணக்கில் வைத்திருக்கும்?

வீடே அடையாளம் வைப்பது நடக்காத காரியமல்ல. 2014இல் அமெரிக்க உணவு ஒவ்வாமை அமைப்பு ஒன்று நாடு முழுக்கக் கொண்டுபோன திட்டத்தில், வீட்டுக்காரர் நீலப்பச்சை நிறப் பரங்கிக்காயை வாசலில் வைக்கிறார். இங்கே ஸ்டிக்கர், பென்சில், சிறு பொம்மை கிடைக்கும் என்பது அதற்குப் பொருள். நிலக்கடலை ஒவ்வாத குழந்தையும் குழாய் வழியே உணவு ஏற்கும் குழந்தையும் எந்த விளக்கமும் தராமல் வாங்கிப் போகலாம். கனடாவில் 2017இல் ஒரு குடும்பம் தொடங்கிவைத்த இயக்கம், படியேறாமலே இங்கே மிட்டாய் வாங்கலாம் என்று அறிவிக்கும் பலகையை வீட்டு முன் புல்தரையில் நட வைக்கிறது. தேவாலய வாகன நிறுத்துமிடங்களில் கார்களின் பின்பெட்டியைத் திறந்துவைத்து மிட்டாய் தரும் ஏற்பாடும் உண்டு. சமதளம், நாற்காலிக்கு வசதி. ஆனால் அதைக் காட்டி, உங்களுக்குத்தான் அது இருக்கிறதே என்று சொந்தத் தெருவின் கதவுகளைச் சாத்திக்கொள்வது நாணயமாகாது.

செலவென்று பார்த்தால் ஒரு மடக்கு மேசை, ஒரு நாற்காலி. கார் ஏறிவரும் பாதையின் முனையில் மேசையைப் போட்டு வீட்டுக்காரரே உட்கார்ந்துகொண்டால் படிப் பிரச்சினை அந்த வீட்டில் அன்றைக்கு இல்லை. விரல் மடங்காத பிள்ளைக்குக் கிண்ணத்தை நீட்டாமல் பைக்குள் போட்டுவிடலாம். பேசாத பிள்ளை கையசைத்தாலும், கருவியை அழுத்திக் குரல் எழுப்பினாலும், சும்மா நின்றாலும் கேட்டதாகவே கொள்ளலாம். வெட்டி வெட்டி மின்னும் விளக்கு சில குழந்தைகளுக்கு வலிப்பைத் தூண்டக்கூடியது; ஆள் நெருங்கினால் அலறும் பொம்மையைக் கண்டு மிரண்டு சாலைக்கு ஓடுகிற பிள்ளைகளும் உண்டு. அவற்றைச் சின்னப் பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளட்டும். பெரியவர்கள் நள்ளிரவுவரை பயந்து மகிழ்வதை யார் வேண்டாமென்றது?