நடந்தவரும் சோறிட்டவரும்

ஒரு லட்சியத்தின் பொருட்டு நெடுந்தூரம் கால்நடையாகச் செல்கிறவர்களைக் குறித்துக் கேள்விப்படும்போதெல்லாம், அவர்களுடைய பாதங்களில் எழுந்த கொப்புளங்களை எண்ணி உருகுவதே நம்மவர் வழக்கம். எனக்கோ, சேரவேண்டிய இடத்துக்கு ரயில் இருக்க இவர்கள் ஏன் நடக்கவேண்டும் என்ற, சற்று மரியாதைக் குறைவான கேள்விதான் முதலில் தோன்றுகிறது.

1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி, ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நினைவு நாளன்று, ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீறி உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். உப்பெடுப்பது மட்டுமே நோக்கமாயிருந்தால் ரயிலேறி மறுநாளே போய்ச் சேர்ந்திருக்கலாம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று சித்திரை வெயிலில் சுமார் 150 மைல் அவர்கள் நடந்ததன் உட்பொருளை, தேசபக்தர்களைக் காட்டிலும் தெளிவாக அறிந்தவர் தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் துரை என்றே சொல்வேன். எதிரியைப் புகழ்வதாக யாரும் கோபிக்க வேண்டாம். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ அளிப்பவர்களுக்கு ஆறு மாதச் சிறையென்று அவர் எச்சரித்தார். அந்த யாத்திரையின் உயிர்நிலை சாலையோர வீடுகளில் இருக்கிறதென்று கண்டுகொண்ட மனிதர் அவர்.

ரயிலில் போகிறவன் வழியிலுள்ள எவரிடமும் எதையும் கேட்பதில்லை. நடந்து போகிறவனோ, பசியையும் களைப்பையும் உடன் கொண்டு, முன்பின் அறியாத வாசல்களில் வந்து நிற்கவேண்டியவனாகிறான். அவன் வாய் திறவாதிருந்தாலும், தாம் எந்தப் பக்கம் என்ற வினா அந்த வீட்டாருக்குள் எழுந்துவிடுகிறது. கதர் உடுத்தாத, கூட்டங்களுக்குப் போகாத, சர்க்காரின்மேல் அதுவரை ஒரு பிராதும் சொல்லியிராத சம்சாரிகூட அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு தீர்மானத்துக்கு வந்தாகவேண்டும். சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு, கண்ணில் படாமல் போய்விட்டவர்கள் இருந்தார்கள். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போலீஸுக்கும் பயந்து, பிள்ளை குட்டிகளையும் நினைத்துக்கொண்டு, அப்படியும் உலையில் நாலு படி அரிசி அதிகமாகப் போட்டவன் சாமானியனல்லன். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் ஒளிவு மறைவின்றித் தம் இல்லத்திலேயே தொண்டர்களை உபசரித்தார்; அதற்காகச் சிறை சென்றார்.

ஏப்ரல் 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்து ராஜாஜி கைதான வரலாறு பாடப் புத்தகங்களில் இருக்கிறது. ஊர்ச் சரித்திரம் எழுதும் இளைஞர்களை நான் வேண்டுவது இதுதான்: அந்தச் சாலையில் உள்ள கிராமங்களுக்குச் சென்று, அன்று உலை வைத்தவர்களின் பெயர்களையும் விசாரித்து எழுதுங்கள்.