உங்கள் முடிவை நீங்களே எழுதுங்கள்!

நோய் முற்றிவிட்டதா? முற்றட்டும். புற்றுநோயோ, இனிப்பு நீர் தின்ற சிறுநீரகமோ, களைத்துப்போன இதயமோ, எதுவாகவும் இருக்கட்டும். உங்கள் உடம்புக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் இன்றைக்கும் உங்களிடம்தான் இருக்கிறது. அதை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுக்காதீர்கள்!

கிள்ளான் பக்கம் மேருவையும் காப்பாரையும் சுற்றிய தோட்டங்களில் நம் பாட்டன்மார் எப்படி வாழ்ந்தார்கள்? விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடினார்கள். எந்த நிரையில் மரம் சீவுவது என்று கங்காணி சொன்னார். என்ன கூலி என்று துரை சொன்னார். அவர்கள் பெற்ற பிள்ளைகள் படித்தார்கள், தாமானில் வீடு வாங்கினார்கள், தங்கள் பெயரில் கிராண்டு வைத்துக்கொண்டார்கள். அந்தத் தலைமுறை, நோய் வந்ததும் மறுபடி வாய்மூடி நிற்பதா? "எனக்கு என்னப்பா தெரியும், நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்பதா? கூடாது!

"சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம்" என்கிறீர்களா? மகள் கல்யாணத்துக்கு ஓர் ஆண்டுக்கு முன்பே மண்டபம் பிடிக்கிறோம். இலைக்கு எத்தனை கறி என்றுகூட எழுதி வைக்கிறோம். நம் கடைசி நாட்களுக்கு ஒரே ஒரு பக்கம் எழுதக் கை நடுங்குகிறது! பேசாமல் இருந்ததால் எந்த நோயும் வந்த வழியே திரும்பியதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டர் வந்து, "சுவாசக் கருவி பொருத்தலாமா?" என்று கேட்பார். மூத்தவன் "பொருத்துங்கள்" என்பான். இளையவள் "அப்பாவை வதைக்காதீர்கள்" என்று அழுவாள். அப்பா என்ன நினைத்தார் என்று இருவருக்கும் தெரியாது. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அண்ணன் தங்கை உறவும் முடிந்துபோகும். இந்தச் சண்டையைத் தடுக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

முதல் வேலை, பேசுவது. இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்க முயல வேண்டுமா? குழாய் வழியே உணவு வேண்டுமா? கடைசி நாட்கள் வீட்டிலா, மருத்துவமனையிலா? உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காக யார் பேச வேண்டும்? குடும்பத்தை உட்கார வைத்துச் சொல்லுங்கள். சொன்னதை எழுதுங்கள், தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், சாட்சி வையுங்கள். ஒரு பிரதி டாக்டரிடம் போகட்டும்.

"அதற்கு நம் நாட்டில் சட்டம் இருக்கிறதா?" என்று கேட்பீர்கள். சிங்கப்பூரில் 1996-லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று தீர்ப்பளித்தார்கள். 2023-ல் அதன் நடைமுறையையும் எளிதாக்கினார்கள். மலேசியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. அதற்காகக் கைகட்டி உட்காராதீர்கள்! குறிப்பிட்ட சிகிச்சை வேண்டாம் என்று நோயாளி ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைத்திருந்தால் டாக்டர் அதை மதிக்க வேண்டும் என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி சொல்கிறது. எழுதினால்தானே மதிப்பார்கள்?

சுவாசக் கருவி வேண்டாம் என்பவரை வலியில் துடிக்க விடவேண்டியதில்லை. வலியைத் தணிக்கும் மருத்துவம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1991-ல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளியின் வீட்டுக்கே வந்து இலவசமாகக் கவனிக்கிறது. உங்கள் டாக்டரிடம் வாய்திறந்து கேளுங்கள்.

அடுத்த வேலை, உயில். "எனக்கென்ன சொத்து? ஒரு லோகோஸ்ட் வீடு, ஒரு பழைய புரோட்டோன்" என்று சிரிக்காதீர்கள். அந்த ஒரு வீட்டுக்காகத்தான் உடன்பிறந்தவர்கள் கோர்ட் படி ஏறுகிறார்கள். "நான் போனால் எல்லாம் என் மனைவிக்குத்தானே?" என்பது பலருடைய நம்பிக்கை. தவறு! முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் கணக்குப் போடும். பெற்றோரும் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. முப்பது ஆண்டு உங்களோடு உழைத்தவளுக்கு நீங்கள் கொடுக்க நினைத்தது அதுதானா?

1959-ஆம் ஆண்டின் உயில் சட்டம் கேட்பது கொஞ்சம்தான். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். தெளிந்த புத்தியோடு எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் எதிரில் இருக்கக் கையெழுத்திட வேண்டும். பங்கு பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சி போட்டால் அந்தப் பங்கு போய்விடும். கடும் நோயில் இருப்பவர், புத்தி தெளிவாக இருக்கிறது என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைப்பது நல்லது. பின்னால் யாரும் எளிதில் வாய் திறக்க முடியாது. லாயரிடம் போங்கள், அல்லது அமானா ராயா அறங்காவல் நிறுவனத்துக்குப் போங்கள். சேமநிதிக்கு யார் பெயரைக் கொடுத்தீர்கள் என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

"மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டேன், போதும்" என்று அயர்ந்து உட்காராதீர்கள். புத்தி தெளிவிழந்தவர் என்று நீங்கள் தீர்மானிக்கப்பட்டால் அந்தப் பவர் செல்லாது. அதற்குப் பிறகு உங்கள் காரியங்களை நடத்த, குடும்பம் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டும். உயிலோ, நீங்கள் கண்மூடிய பிறகுதான் பேசும். உயிரோடு இருந்தும் பேச முடியாத நாட்களில் உங்கள் மருத்துவ விருப்பக் கடிதம்தான் உங்கள் குரல். ஆகவே இரண்டும் வேண்டும்!

இவற்றை எழுதியவர் வாழ்க்கையைக் கைவிட்டவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதிய மறுநாளும் அவர் டயாலிசிஸுக்குப் போவார், மருந்து சாப்பிடுவார், பேரப்பிள்ளையின் பள்ளி விழாவுக்குப் போய்க் கைதட்டுவார். மனம் மாறினால் பழையதைக் கிழித்துப் புதிதாக எழுதுவார். பயத்தோடு படுத்திருப்பவரைவிட, எழுதி முடித்துப் படுப்பவர் நிம்மதியாகத் தூங்குவார்.

ஐயா, அம்மா! இந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லுங்கள். யாராவது "இப்போ எதுக்குப்பா இந்தப் பேச்சு?" என்று மழுப்பினால் விடாதீர்கள். உங்கள் புத்தி தெளிவாக இருக்கிறது, கை கையெழுத்துப் போடுகிறது, சொல்ல வாய் இருக்கிறது. இந்த மூன்றும் இருக்கும்போதே முடிவை எழுதுங்கள். பிறகு தலை நிமிர்ந்து வாழுங்கள்!