ஆண்டவருடைய வயசு

துக்க வீட்டில் கேட்ட ஒரு பேச்சு இன்னும் என்னை விட்டபாடில்லை. இறந்தவர் இளைஞர், சில நாள் காய்ச்சல். பெட்டியின் தலைமாட்டில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் குனிந்து, "ஆண்டவரோட வயசுலயே கூப்பிட்டுக்கிட்டார்மா, முப்பத்துமூணு" என்றார். இயேசு சிலுவையில் இறந்த வயசு அது என்பார்கள். மனமுருகித்தான் சொன்னார். அந்த அம்மா நிமிராமலே, "அடுத்த மாசம் வந்தா முப்பத்துநாலுங்கய்யா" என்றார்.

அந்த ஒரு மாதத்தைத்தான் மனம் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தால் இந்த ஆறுதலுக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டாரா? அல்லது அந்த வயசு தாண்டுவதற்குள் அழைத்துக்கொண்டார் என்று பெரியவரின் பேச்சோடு தன் கணக்கையும் சேர்த்தாரா? குரலில் ஒன்றும் தெரியவில்லை.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உபதேசியார் எங்களைக் கோயில் திண்ணையில் உட்காரவைத்து ஞானோபதேசம் நடத்துவார். ஆதாம் மரத்தால் கெட்டான், ஆண்டவர் மரத்தால் மீட்டார். ஏவாளால் வந்தது மாதாவால் தீர்ந்தது. கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்க்கும். தூணில் சாய்ந்துகொண்டு நானே ஜோடி தேடுவேன்: ஏதேன் தோட்டத்துக்குக் கெத்சமனித் தோட்டம், ஆதாமின் விலாவுக்கு ஆண்டவரின் விலா. ஒரு ஜோடி கிடைத்துவிட்டால் அன்று முழுக்கச் சந்தோஷம். உலகம் ஏனோதானோவென்று கிடக்கவில்லை, யாரோ எண்ணிக் கோத்திருக்கிறார்கள் என்று தோன்றும். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

உபதேசியாரின் அந்த ஜோடிகளை வெகுகாலம் கழித்து அன்செல்மிடம் பார்த்தேன். கான்டர்பரி பேராயர். இங்கிலாந்து அரசன் இரண்டாம் வில்லியமோடு மனத்தாங்கலாகி நாட்டை விட்டு வந்தவர், இத்தாலியில் கப்புவாவுக்கு அருகே ஒரு மலைக்கிராமத்தில் தங்கி, 1098இல் ஒரு நூலை முடித்தார். கடவுள் ஏன் மனிதரானார் என்பதே அதன் கேள்வி. போசோ என்ற துறவியோடு பேசுவதுபோல் எழுதியிருக்கிறார். மரத்துக்கு மரம், பெண்ணுக்குப் பெண் என்று ஆசிரியர் அடுக்க, போசோ மசியவில்லை. எல்லாம் அழகான சித்திரம்தான். ஆனால் தீட்டுவதற்கு அடியில் திடமாக ஒன்று வேண்டாமா, இல்லையென்றால் மேகத்தின்மேல் வரைகிறோம் என்றல்லவா வெளியார் நினைப்பார்கள் என்ற பொருளில் பேசுகிறார். போசோவை எனக்கு மிகவும் பிடிக்கும். அப்படியொருவரைத் தன் நூலுக்குள்ளேயே பேசவிட்ட அன்செல்மையும்.

அன்செல்ம் நழுவவில்லை. அடியில் திடமான ஒன்றைப் போடுகிறார்: பாவத்துக்கு ஈடுகட்ட வேண்டியவன் மனிதன், கட்ட வல்லவர் கடவுள் மட்டுமே, ஆகவே கடவுளாகவும் மனிதராகவும் இருக்கும் ஒருவர் தேவை. அதோடு இன்னொன்றும் சொல்கிறார். கடவுளுக்குத் தகாதது, எவ்வளவு சிறியதானாலும், நடக்கவே நடக்காது. அவருக்குத் தகும் என்று காட்டும் காரணம், எவ்வளவு சிறியதானாலும், அதை மிஞ்சும் காரணம் இல்லாதவரை கட்டாயமாகிவிடும். இங்கே எனக்குப் பயம் வருகிறது. தகுவதெல்லாம் கட்டாயம் என்றால், அந்த வீட்டில் அடுத்த மாதம் என்ற ஒன்று வர வழியே இருக்கவில்லை என்று ஆகிவிடாதா?

தாமஸ் அக்வினாஸ் இந்தப் பிடியைத் தளர்த்துகிறார். 'சும்மா தியலாஜிக்கா' என்ற தன் நூலின் மூன்றாம் பகுதியில், கடவுள் மனிதராவது அவசியமா என்று கேட்டு, அவசியத்தை இரண்டாகப் பிரிக்கிறார். உயிர் வாழ உணவு வேண்டும் என்பது ஒன்று. பயணத்துக்குக் குதிரை வேண்டும் என்பது மற்றொன்று. குதிரை இல்லாமலும் போய்ச் சேரலாம், இருந்தால் நன்றாகப் போகலாம். கடவுள் மனிதரானது இந்த இரண்டாம் வகை என்கிறார். அவருடைய தோமினிக் சபையில் துறவிகள் நடந்தே போக வேண்டும், குதிரை ஏறக் கூடாது என்பது அந்தக் காலத்து விதி. பாரிசுக்கும் ரோமுக்கும் நேப்பிள்சுக்கும் அலைந்த மனிதருக்குக் குதிரையின் அருமையும் தெரிந்திருக்கும், குதிரை இல்லாமல் ஊர் சேரலாம் என்பதும் தெரிந்திருக்கும்.

ஆண்டவரின் சிலுவைப் பாடுகளைப் பற்றி எழுதும்போதும் அப்படித்தான். கடவுள் நினைத்திருந்தால் வேறு வழியிலும் மீட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, சிலுவை எப்படியெல்லாம் தகும் என்று காரணங்களை அடுக்குகிறார். வயசுக்கும் காரணம் உண்டு. ஏன் இளமையிலேயே இறந்தார்? உயிர் நிறைவாக இருந்த பருவத்தில் அதைக் கொடுத்ததால் அன்பு கூடுதலாகத் தெரிந்தது என்கிறார். அவருக்கு முன்பே அகஸ்டின், உயிர்த்தெழும்போது எல்லாரும் ஆண்டவர் எட்டிய அந்த இளமைப் பருவத்தில்தான் எழுவோம் என்று எழுதியிருக்கிறார். ஊர்ப் பெரியவர் இதையெல்லாம் படித்திருக்க மாட்டார். ஆனாலும் அவருடைய பேச்சுக்குப் பின்னால் இத்தனை நூற்றாண்டு நிற்கிறது.

எனக்குப் புரிந்தவரை, தாமஸ் இதை வைத்து எதையும் நிரூபிக்கப் பார்க்கவில்லை. நடந்ததை முதலில் நம்புகிறார். பிறகு அது கடவுளின் நல்ல மனத்தோடு எப்படி இசைகிறது என்று பார்த்துப் பார்த்து வியக்கிறார். வேறுவிதமாகவும் நடந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட வியப்பு அது. அந்த அம்மாவின் கேள்வி அதை உடைக்காது. ஆனால் அந்தக் காரணம் முழுக்க ஒரு சொல்லின் மேல் நிற்கிறது: கொடுத்தார். அந்தப் பிள்ளை எதையும் கொடுக்கவில்லை. காய்ச்சல் எடுத்துக்கொண்டு போனது. ஆண்டவருக்குத் தகுந்த காரணத்தை அவன்மேல் அப்படியே தூக்கிவைத்தால் நிற்குமா?

நிற்காது என்று சொல்லி முடித்துவிட ஆசைதான். முடியவில்லை. ஏனென்றால் கடவுளின் பராமரிப்புக்கு வெளியே ஒரு சின்னஞ்சிறு காரியம்கூட இல்லை என்று சொல்பவரும் இதே தாமஸ்தான். அப்படியானால் அந்தக் காய்ச்சலுக்கும் அங்கே ஓர் இடம் இருக்க வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது. இருக்கிறது என்று நம்புவதால் இன்னதுதான் என்று சொல்லும் உரிமையும் வந்துவிடாது. பெரியவர் அந்த எல்லையைத் தாண்டினாரா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்பதே தெரியாதபோது எப்படிச் சொல்வேன்?