பழசு என்ன தப்பு செய்தது?

நீங்கள் கடைசியாக போன் மாற்றியது எப்போது? அதற்கு வீட்டில் என்ன காரணம் சொன்னீர்கள்?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். என் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 'பழசு ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு. சார்ஜ் நிக்கல. கேமரா சுத்தமா வேஸ்ட்.' மனைவியிடம் நான் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை இது. பழசு, 2019-ல் வெளியான ஐபோன் 11. புதுசு, 2023-ல் வெளியான ஐபோன் 15. விலை இறங்கட்டும் என்று பொறுத்திருந்து போன மாதம்தான் வாங்கினேன்.

பெட்டியைப் பிரித்துக் கையில் எடுத்ததும் முதலில் தெரிந்தது எடை. பழசு 194 கிராம், புதுசு 171. வெறும் 23 கிராம்தான் வித்தியாசம். ஆனால், உள்ளங்கை அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. திரை இரண்டிலும் 6.1 அங்குலம். பழசில் எல்.சி.டி., புதுசில் ஓ.எல்.இ.டி. கறுப்பு என்றால் மை கொட்டிய மாதிரி கறுப்பு. எழுத்துக்கள் அச்சடித்த மாதிரி நிற்கின்றன. பிரதான கேமரா 12 மெகாபிக்ஸலிலிருந்து 48-க்குத் தாவியிருக்கிறது. சார்ஜ் போடும் துளையும் மாறி, எல்லோருக்கும் உள்ள டைப்-சி ஆகிவிட்டது. எல்லா போன்களுக்கும் ஒரே துளை என்று ஐரோப்பிய யூனியன் 2022-ல் சட்டம் போட்டதன் புண்ணியம். மனைவியின் ஆண்ட்ராய்டு சார்ஜரே எனக்கும் போதும். அந்த வகையில் வீட்டில் சமாதானம்!

இரண்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அப்போதுதான் பழசின் திரை மங்கலாகத் தெரிந்தது. அதன் ஓரங்கள் தடிமனாகத் தெரிந்தன. கையில் எடுத்தால் செங்கல் மாதிரி இருந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முந்தின நாள் வரை அதே திரையில்தான் பேப்பர் படித்தேன். மகளின் ஆண்டு விழா நடனத்தை நூறு தடவை பார்த்தேன். ஒருநாளும் மங்கல் தெரிந்ததில்லை. ஒரே ராத்திரியில் அந்த போனுக்குள் எதுவும் மாறிவிடவில்லை. பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

'இதுல என்ன தப்பு சார்? ஒப்பிட்டாத்தானே நல்லது கெட்டது தெரியும்' என்பீர்கள். சரிதான். ஆனால், நான் செய்தது ஒப்பீடு இல்லை என்று அம்மாவிடம்தான் தெரிந்துகொண்டேன்.

பழைய போனுக்கு பேட்டரியை மட்டும் மாற்றி அம்மாவிடம் கொடுத்தேன். நாலு நாள் கழித்து அம்மா கேட்டார்: "ஏன்டா, நல்லாத்தானே இருக்கு. எதுக்கு வேணாம்னே?"

அதில் பூதக்கண்ணாடி மாதிரி பெரிதாக்கிக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. பேத்தி கற்றுக்கொடுத்திருக்கிறாள். மாத்திரை அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் எக்ஸ்பயரி தேதியை அம்மா அதில் தானே படித்துக்கொள்கிறார். முன்பெல்லாம் என்னிடம் நீட்டுவார். "இரும்மா, அப்புறம் பார்க்கறேன்" என்பேன். அத்தனை வருடத்தில் அந்த வசதியை நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. ஸ்லோ என்று நான் சொன்ன அந்த மாடலுக்கு, 2025-ல் வந்த ஐ.ஓ.எஸ். 26-ம் கிடைத்திருக்கிறது.

சார்ஜ் நிற்காதது பேட்டரியின் வயசுக் கோளாறு. யார் தயாரித்தாலும் லித்தியம் அயான் பேட்டரி தேயத்தான் செய்யும். அதை மாற்றினால் போதும் என்பது எனக்குத் தெரியாததா? பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருக்க, அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியதும், பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதிப் பக்கத்தில் வைத்தவனே நான்தான்!

ஆக, உண்மை என்ன? எனக்குப் புதுசு மேல் ஆசை. 'ஆசையா இருக்கு, வாங்கறேன்' என்று சொல்லக் கூச்சம். என் ஆசையை நிரபராதி ஆக்குவதற்காகப் பழசைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டேன். ஒப்பீடு என்ற பெயரில் நான் சொன்னது பொய் சாட்சி.

பி.காம். படித்தபோது தேய்மானத்துக்கு 'குறைந்து செல் மதிப்பு முறை' என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். நூறு ரூபாய்ப் பொருளில் வருடம் பத்து சதவிகிதம் கழித்தால் 90, பிறகு 81, பிறகு 72.90. எத்தனை வருடம் கழித்தாலும் கணக்கில் ஏதோ மிச்சம் இருக்கும். சைபர் ஆகவே ஆகாது. கணக்குப் புத்தகத்துக்கு இருக்கிற நியாயம்கூட எனக்கு இல்லை. ஒரே ராத்திரியில் சைபர் ஆக்கிவிட்டேன்.

பிரெஞ்சுத் தத்துவவாதி தெனி திதரோ 1769-ல் ஒரு கட்டுரை எழுதினார். விஷயம், வீட்டில் போட்டுக்கொள்ளும் ஓர் அங்கி. பளபளக்கும் புதிய சிவப்பு அங்கி வந்ததும் பழசை விட்டுவிட்டார். புதுசுக்குப் பக்கத்தில் நாற்காலி, மேஜை எல்லாமே மட்டமாகத் தெரிய, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனார். அடுத்தடுத்து வாங்க வைக்கும் இந்த வியாதிக்கு 'திதரோ விளைவு' என்றே இப்போது பெயர். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. அவர் பழைய அங்கியைத் திட்டவில்லை. பேனாவையும் புத்தகத் தூசியையும் துடைக்க அது எப்படியெல்லாம் உழைத்தது என்று நினைத்து வருந்துகிறார். விட்டுவிட்டதற்குத் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார்.

'ஒரு போனுக்கா இவ்வளவு?' என்று கேட்கலாம். போனுக்கு வலிக்காது. ஆனால், நாக்குக்கு இது பழகிவிடுகிறது. வீடு மாறினால் பழைய ஹவுஸ் ஓனர் சரியில்லை. வேலை மாறினால் பழைய கம்பெனி உருப்படாது. நிஜமாகவே மோசம் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆசைப்பட்டு மாறிவிட்டு அப்படிச் சொல்வதுதான் இடிக்கிறது.

இருபது வருடங்களுக்கு முன்பு ஒரு சின்னப் பத்திரிகையில் சேர்ந்தேன். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் அங்கிருந்த ஆசிரியர்தான். நான் எழுதிய முதல் பத்தியை அடித்துவிட்டு, "இதுல உன் மேதாவித்தனம் இருக்கு, செய்தி எங்கப்பா?" என்றார். வேறு பத்திரிகையில் மூவாயிரம் ரூபாய் சம்பளம் அதிகம் கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, கேட்டவர்களிடமெல்லாம், "அங்கே கத்துக்க ஒண்ணும் இல்லை சார்" என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னதில் நானே நம்பிவிட்டேன். நம்பிய பிறகு அவரைக் கூப்பிட முடியவில்லை. என்ன முகத்தோடு பேசுவது?

அம்மா அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று ராத்திரி அவர் நம்பரைத் தேடினேன். பழைய போனிலிருந்து தானாகவே புதுசுக்கு வந்து சேர்ந்திருந்தது. கூப்பிட்டேன்.

"யாரு... அடடே! எப்படிப்பா இருக்கே? குரல் நல்லா தெளிவா கேக்குதே, புது போனா?"

"ஆமா சார். பழசுலயும் தெளிவாத்தான் கேட்டிருக்கும். நான்தான் கூப்பிடலை."