கணக்கில் வராத மணிநேரங்கள்

பொருளாதார வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் ஒரு வேடிக்கை உண்டு. ஒருவர் தன் வீட்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்ணையே திருமணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்பது அது. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஏ.சி. பிகு 1920இல் வெளியிட்ட நூலில் இதை அளவீட்டின் முரண்பாடாகச் சொன்னார். பிறகு வந்தவர்கள் சிரிப்பதற்காகச் சொன்னார்கள். எனக்கும் கல்லூரியில் அப்படித்தான் சொல்லப்பட்டது, வகுப்பே சிரித்தது. வேலை அப்படியே இருக்கிறது, சம்பளம் மட்டும் போய்விட்டது, அந்தப் பெண்ணுக்கு இது என்ன கல்யாணம் என்று யாரும் கேட்கவில்லை.

நாடுகளின் தரவரிசைப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் அவள் நினைவுக்கு வருகிறாள். 2023இல் அமெரிக்கா ஏறத்தாழ 27 லட்சம் கோடி டாலர், சீனா சுமார் 18 லட்சம் கோடி. இந்தியா 2022இல் பிரிட்டனைத் தாண்டி ஐந்தாம் இடத்துக்கு வந்தது. நம்மை ஆண்டவர்களை முந்தியதில் ஒரு தித்திப்பு இருக்கத்தான் செய்கிறது, அதை மறைப்பானேன்? ஆனால் யாருடைய உழைப்பை வெளியே நிறுத்திவிட்டு இந்த அளவுகளைச் சொல்கிறோம் என்பது வெறும் புள்ளியியல் கேள்வி அல்ல. அது ஓர் அறக்கேள்வி.

இந்த விடுபடல் தெரியாமல் நேர்ந்ததும் அல்ல. 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேசிய வருமானக் கணக்கைத் தந்த சைமன் குஸ்நெட்ஸ், இல்லத்தரசிகளின் உழைப்பு இதில் சேரவில்லை என்று அந்த அறிக்கையிலேயே எழுதினார். அதே ஆண்டில் மார்கரெட் ரீட் என்ற பொருளியலாளர், வீட்டு வேலையில் எது உற்பத்தி என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்றைச் சொன்னார்: காசு கொடுத்து இன்னொருவரைச் செய்ய வைக்க முடியுமானால் அது உற்பத்தி. 1940களில் இன்றைய ஜாம்பியா, மலாவி பகுதிகளின் வருமானத்தைக் கணக்கிடப் பணிக்கப்பட்ட ஃபிலிஸ் டீன், பெண்கள் விறகு பொறுக்குவதையும் சமைப்பதையும் விட்டுவிட்டு அந்த நாடுகளின் கணக்கை எழுத முடியாது என்று வாதிட்டார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1953இல் ஐ.நா. வெளியிட்ட தேசியக் கணக்கு முறை அடுப்படியை வெளியே நிறுத்தியது. நியூசிலாந்து நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மரிலின் வாரிங் 1988இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

விலை இல்லாததை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் வழக்கமான பதில். சொந்த வீட்டில் குடியிருப்பவர் யாருக்கும் வாடகை தருவதில்லை. ஆனாலும் தந்திருந்தால் எவ்வளவு என்று ஊகித்து அதை ஜி.டி.பி.யில் சேர்க்கிறார்கள். ஆக, அந்த வீடு உற்பத்தி செய்கிறது. அதைக் கூட்டித் துடைப்பவள் செய்வதில்லை. 2014இல் பிரிட்டன் போதைப்பொருள் விற்பனையையும் பாலியல் தொழிலையும் மதிப்பிட்டுச் சேர்த்தபோது, 2009ஆம் ஆண்டுக் கணக்கில் மட்டும் சுமார் 1,000 கோடி பவுண்டு கூடியது. பாலியல் தொழிலாளியின் வருமானம் கணக்கில் வருவதில் எனக்கு மனக்குறை இல்லை. கள்ளச்சந்தையையே மதிப்பிட முடிந்தவர்களால் சமையலறையை மதிப்பிட முடியாது என்றால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

1993இல் விதியைத் திருத்தினார்கள். வீட்டுத் தேவைக்குத் தண்ணீர் சுமப்பதும் விறகு சேர்ப்பதும் உற்பத்தி என்று ஏட்டளவிலாவது ஏற்கப்பட்டது. சமையலும் குழந்தை வளர்ப்பும் ஏற்கப்படவில்லை. இடுப்பில் குடம் இருக்கும்வரை அவள் உற்பத்தியாளர், இறக்கிவைத்து அடுப்பைப் பற்றவைத்ததும் இல்லத்தரசி!

நாடுகளை ஒப்பிடும்போது இது இன்னும் சிக்கலாகிறது. ஸ்வீடனில் அரசுக் காப்பகத்தில் வளரும் குழந்தை அந்நாட்டு ஜி.டி.பி.யைக் கூட்டுகிறது. இங்கே பாட்டி மடியில் வளரும் குழந்தை கூட்டுவதில்லை. இரு நாடுகளுக்கும் இடையே தெரியும் இடைவெளியில் ஒரு பகுதி இந்தப் பாட்டி. சீனாவில் 1990களில் அரசு நிறுவனங்களைச் சீரமைத்தபோது, அவற்றோடு இணைந்திருந்த குழந்தைக் காப்பகங்கள் ஏராளமாக மூடப்பட்டன. அந்த வேலை தாய்களிடமும் பாட்டிகளிடமும் திரும்பி வந்தது. உலகம் வியந்த அந்த வளர்ச்சி வீதத்தில் இதற்கான பற்று எங்கும் எழுதப்படவில்லை. இலங்கையிலிருந்து வளைகுடா நாட்டுக்குப் போகும் பணிப்பெண் அங்கே இன்னொருத்தியின் குழந்தைக்குச் சோறூட்டுவது அந்த நாட்டின் உற்பத்தி. ஊரில் அவள் பெற்ற பிள்ளைக்கு அம்மம்மா ஊட்டுவது எந்த நாட்டின் கணக்கிலும் இல்லை.

வாங்கும் திறன் அடிப்படையில் பார்த்தால் நாம் மூன்றாம் பெரிய பொருளாதாரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். டாலர் மாற்று விகிதத்தில் 2022இல் ஐந்தாக இருந்த நாடு இந்தக் கணக்கில் எப்படி மூன்றாகிறது? இங்கே பல பொருள்கள் மலிவு, மனித உழைப்பு அதைவிட மலிவு. பாத்திரம் துலக்குபவரின் ஒரு மணிநேரம் நியூயார்க்கில் விற்கும் விலைக்கும் சென்னையில் விற்கும் விலைக்கும் உள்ள தூரம் அந்தக் கணக்கில் நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. குறைந்த கூலி, தரவரிசையில் உயரமாகத் தெரிகிறது. இதை நான் வகுப்பில் விளக்கும்போது மாணவிகள் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். அவர்களில் சிலருடைய அம்மாக்கள் அந்த ஒரு மணிநேரத்தை விற்பவர்கள்.

அப்படியானால் வீட்டு வேலைக்கும் ஒரு விலை போட்டு ஜி.டி.பி.யில் சேர்த்துவிட்டால் தீர்ந்ததா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் போட்டுப் பார்த்தது. உலகில் நாள்தோறும் 1,640 கோடி மணிநேரம் ஊதியமில்லாப் பராமரிப்பு வேலை நடக்கிறது, அதில் முக்கால் பங்குக்கு மேல் பெண்கள் செய்வது. குறைந்தபட்சக் கூலியில் மதிப்பிட்டால் உலக ஜி.டி.பி.யில் 9 விழுக்காடு, 11 லட்சம் கோடி டாலர். வாதத்துக்கு உதவும் எண்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனாலும் உறுத்துகிறது. எந்தக் கூலியில் மதிப்பிடுவது? வீட்டு வேலைக்காரரின் கூலி ஏன் இவ்வளவு குறைவு? பெண்கள் சும்மா செய்துவிடும் வேலை என்பதாலும், எந்தச் சாதி யார் வீட்டுக் கழிவறையைக் கழுவலாம் என்ற பழைய ஏற்பாட்டாலும்தான். அநீதி நிர்ணயித்த விலையை எடுத்து அநீதியை அளப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இன்னொரு பயமும் உண்டு. இந்தத் தொகையைச் சேர்த்த மறுநாளே தரவரிசையில் ஓரிரு இடம் ஏறிவிட்டதாக அறிவிப்பு வரும். அவள் கைக்கு ஒன்றும் வராது.

தமிழ்நாட்டில் 2023இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கத் தொடங்கியது. அதைச் சம்பளம் என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயரிட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. சம்பளம் என்று சொல்லியிருந்தால் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்பும் சமமாகச் சேர்ந்திருக்கிறது என்று சொல்லிப் பங்கு கொடுத்தது. அங்கே யாரும் அவள் சமையலுக்கு மணிக்கு எவ்வளவு என்று விலை போடவில்லை. வாழ்க்கையில் பாதி என்று பார்த்தார்கள்.

எனக்கு ரூபாயைவிட நிமிடத்தின் மேல் நம்பிக்கை. ரூபாய் ஊருக்கு ஊர் மாறும், நாளுக்கு 24 மணிநேரம் என்பது எவருக்கும் மாறாது. இந்தியாவின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி 2019இல் வீட்டு வேலை செய்த பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அந்த வேலையைத் தொட்டிருந்தார்கள், அவர்களும் 97 நிமிடம். 2024இல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. இடையில் பொருளாதாரம் பெருந்தொற்றில் விழுந்து, எழுந்து, உலகின் பெரிய நாடுகளிலேயே வேகமாக வளர்கிறது என்று பெயர் வாங்கியது. பெண்களுக்குக் குறைந்தது 10 நிமிடம். ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்துவிட்டது. வளர்ச்சி வீதம் வெளியாகும் அதே நாளில், அதே மேடையில், இந்த நிமிடங்களையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. அரசு எதை அடிக்கடி அளக்கிறதோ அதைப் பற்றித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தக் கணக்கெடுப்பில் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை அரைமணி அரைமணியாகப் பிரித்து எழுதுவார்கள். அதேபோல் தங்கள் வீட்டில் ஒரு நாளை எழுதிவரச் சொன்னேன். ஒரு மாணவி இரவு 10 மணிக்கு நேராக அம்மா தூக்கம் என்று எழுதியிருக்கிறாள். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "தூங்கலடி, அப்பா வந்து கதவத் தட்டுற வரைக்கும் சும்மா படுத்திருக்கேன்" என்றாராம். அதை எதில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று கட்டங்களை வெறுமையாக விட்டுக் கொண்டுவந்திருந்தாள்.