காணாத உயிர்க்கும் கருணை

அந்தமானில், 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என வழங்கும் ராஸ் தீவுக்குச் சென்றிருந்தோம். ஆங்கே மனிதருக்கு அஞ்சாத புள்ளிமான் ஒன்று நம் கையிலிருந்த தேங்காய்த் துண்டைத் தின்றது. பகவன் முதலறம் உரைத்த சாரநாத்தின் மான் வனம் நினைவிலெழ, நெஞ்சம் நெகிழ்ந்தோம்.

"ஐயா, இது இம்மண்ணின் மான் அன்று" என்றார் உடன்வந்த முதியவர்.

உண்மையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் வேட்டைக்கெனக் கொண்டுவந்து விட்டவை இவை. புலியும் சிறுத்தையும் இல்லாத தீவுகளில் பல்கின; கடலை நீந்தித் தீவுதோறும் பரவின. முளைத்தெழும் மரக்கன்றுகளை இவை மேய்வதால், முதிர்ந்த மரம் வீழ்ந்த இடத்தில் இளமரம் எழுவது தடைப்படுகிறது. இன்டர்வியூ தீவில் மரத்தொழில் நிறுவனமொன்று 1962-இல் கைவிட்ட யானைகளும் இவ்வாறே காட்டைச் சிதைத்தன.

அன்பர்களே, குற்றம் எவருடையது? மான் பசிக்கு மேய்கிறது. எண்ணமே வினை என்பது நம் அறம். காட்டை அழிக்கும் எண்ணம் கொணர்ந்தவர்க்கும் இருந்ததில்லை. ஆயினும் காடு நலிகிறது. ஆலையில் உழைத்த நாளில், கவனியாது விட்ட ஓர் அறுந்த இழை துணி முழுதையும் குறைப்படுத்தக் கண்டோம். அதில் எவர்க்கும் பகையில்லை. பன்னிரு சார்புகளுள் முதலாவது சினமன்று, பேதைமை.

எனில் மானைக் கொல்வதா? நம் சீலம் அதற்கு இடந்தராது. ஆயினும் கொல்லாமையோடு கடமை முடிந்ததென எண்ணுவதும் பிழையே. மானின் விழி நமக்குத் தெரிந்தது. அது தின்ற கன்றும், அக்கன்று மரமாயின் அதிற் கூடு கட்டியிருக்கும் பறவையும் தெரியவில்லை. அவையும் நம் கருணைக்குரியன.

இனி அத்தீவுக்குச் சென்றால் கை நீட்டுமுன் கேட்போம்: இத்துண்டால் வாழ்வது எது, மாய்வது எது?